ஃபோல்சம் கல்முனை பிறந்த கதை

அமெரிக்காவில் உழுத வயலிலும் ஓடைக்கரையிலும் இன்றும் கல்முனைகள் கிடைக்கின்றன. எடுத்தவர் முதலில் கேட்பது, "இது எத்தனை வருஷத்துப் பழசு?" நூறு ஆண்டுகளுக்கு முன் இதற்கு நம்பும்படியான பதில் யாரிடமும் இல்லை. மனிதன் அந்தக் கண்டத்துக்கு வந்து சில ஆயிரம் ஆண்டுகளே ஆகின்றன என்று பெரிய அறிஞர்கள் பலர் அடித்துச் சொன்னார்கள். அந்தப் பேச்சை மாற்றியது ஃபோல்சம் கல்முனை.

1908 ஆகஸ்டில் நியூ மெக்ஸிகோவின் ஃபோல்சம் என்ற சிற்றூரைப் பெருவெள்ளம் தாக்கியது. அதன்பின் ஜார்ஜ் மெக்ஜங்கின் என்ற பண்ணை மேற்பார்வையாளர், வெள்ளம் அரித்த ஓடைச் சரிவில் பெரிய எலும்புகள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். மெக்ஜங்கின் டெக்சாஸில் அடிமையாகப் பிறந்த கறுப்பினத்தவர். மாடுகளின் எலும்பு அவருக்கு அத்துப்படி. அவ்வளவு ஆழத்தில் கிடந்த இவை சாதாரண மாட்டெலும்பு அல்ல என்று அவருக்குப் பட்டது. பலரிடம் சொன்னார், அவர் உயிரோடிருந்தவரை எந்த ஆய்வாளரும் வந்து பார்க்கவில்லை. 1922இல் இறந்தார். அதே ஆண்டில்தான் கார்ல் ஷ்வாக்ஹைம் என்ற கொல்லர் நண்பர்களோடு அந்த இடத்துக்குப் போனார்.

செய்தி டென்வர் அருங்காட்சியகத்தை எட்டியது. 1926இல் அதன் இயக்குநர் ஜெஸ்ஸி ஃபிக்கின்ஸ் அகழாய்வைத் தொடங்கிவைத்தார். அழிந்துபோன பழைய காட்டெருது இனத்தின் எலும்புகளோடு கல்முனைகளும் வந்தன. ஆனால் மண்ணிலிருந்து பெயர்ந்து வந்த முனையை யார் நம்புவார்கள்? மேலிருந்து எலி வளை வழியாகச் சரிந்து விழுந்திருக்கலாமே! ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் மானிடவியலாளர் அலெஷ் ஹர்ட்லிச்கா இதில் கறாரானவர். அடுத்த முனை கிடைத்தால் தொடாமல் அப்படியே விட்டு, மற்ற அறிஞர்களைத் தந்தி கொடுத்து அழைக்கும்படி ஃபிக்கின்ஸிடம் சொன்னார். அந்தச் சந்தேகக்காரர் சொன்ன யோசனைதான் எல்லாவற்றையும் விடப் பெரிய உதவியாக அமைந்தது என்பேன்.

1927 ஆகஸ்ட் 29 அன்று அகழாய்வில் ஷ்வாக்ஹைம் மண்ணைச் சுரண்டியபோது, இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு முனை தெரிந்தது. அவர் அதை அசைக்கவில்லை. தந்திகள் பறந்தன. பார்னம் பிரவுன், ஃபிராங்க் ராபர்ட்ஸ், ஏ. வி. கிடர் ஆகிய அறிஞர்கள் நேரில் வந்து பார்த்து ஒப்புக்கொண்டார்கள். எருதை மனிதன் வேட்டையாடியிருக்கிறான். அந்த எருது இனமோ பனியுகத்தின் கடைசிக் காலத்தைச் சேர்ந்தது.

முனையின் உருவமும் சாதாரணமானதல்ல. ஏறக்குறைய விரல் நீளம். இரண்டு பக்கமும் அடியிலிருந்து கிட்டத்தட்ட நுனி வரை ஒரே சில்லாகப் பெயர்த்த பள்ளம், வாய்க்கால் போல ஓடுகிறது. இதைச் செதுக்கும்போது உடைந்து வீணானவை ஏராளம். அடிப்பகுதியின் ஓரங்களை மட்டும் தேய்த்து மழுக்கியிருக்கிறார்கள். தண்டோடு சேர்த்துக் கட்டும் நார் அறுபடாமல் இருக்க. அம்புமுனை என்று பலர் சொன்னாலும் இது எறியீட்டியின் முனை. வில் அங்கே வெகு பின்னால்தான் வந்தது.

இந்த உருவம் அடையாளமாகிவிட்ட பிறகு, வெட்டவெளியில் கிடைத்த முனைகளையும் இனம் பிரிக்க முடிந்தது. 1930களில் அதே மாநிலத்தின் குளோவிஸ் ஊருக்கு அருகே, ஃபோல்சம் அடுக்குக்குக் கீழே, மாமூத் யானை எலும்புகளோடு வேறு முனைகள் கிடைத்தன. பெரியவை, பள்ளம் பாதிகூட ஏறாது. கீழ் அடுக்கு முந்தியது என்பதால் குளோவிஸே மூத்தது. ஆண்டுக்கணக்கு பின்னால் வந்தது: 1949இல் வில்லார்ட் லிபி குழு கொண்டுவந்த கதிரியக்கக் கார்பன் முறையால். அதிலும் கல்லை அளக்க முடியாது. அதே அடுக்கில் கிடக்கும் எலும்பையும் கரியையும்தான் அளக்கிறார்கள். இன்றைய கணக்கில் குளோவிஸ் சுமார் 13,000 ஆண்டு, ஃபோல்சம் 12,000 ஆண்டுக்கு மேல்.

உங்கள் கண்ணில் எங்காவது பழங்கல் கருவி பட்டால் எடுத்துப் பையில் போடாதீர்கள். கிடந்த இடத்திலேயே, அருகில் ஒரு நாணயத்தை வைத்துப் படமெடுங்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.