ஹைதராபாத் மேல்முறையீடுகளும் சட்டச் சொற்பொருளும்

பிரித்தானியப் பேரரசின் நாடுகள் பலவற்றிலிருந்தும் மேல்முறையீடுகள், 1833-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இலண்டனில் அமைந்த பிரிவி கவுன்சில் நீதிக்குழுவைச் சென்றடைந்தன. தன்னாட்சி பெற்ற டொமினியன்களும் இவ்வழியை உடனே கைவிடவில்லை. கனடா 1949-இலும் ஆஸ்திரேலியா 1986-இலுமே இதனை முடிவுக்குக் கொண்டுவந்தன. ஹைதராபாத்தின் நிலை வேறு. நிஜாமின் நீதிமன்றங்கள் பிரித்தானிய அரசரின் நீதிமன்றங்கள் அல்ல. ஆதலின் அவற்றின் தீர்ப்புகள் இலண்டனுக்குச் செல்லவில்லை. நிஜாமுக்கு அறிவுரை வழங்கிய நீதிக்குழுவே அங்குப் பிரிவி கவுன்சிலின் இடத்தை வகித்தது.

எனினும், நிஜாமின் நாட்டில் ஓடிய ரயில்பாதையில் பிரித்தானியர் அதிகாரம் பெற்றிருந்தமையால் ஒரு வழக்கு இலண்டனை எட்டியது. சிம்லாவில் நிகழ்ந்ததாகக் கூறப்பட்ட குற்றத்திற்காக முகமது யூசுப்-உத்-தீன் என்பவர் ரயில் நிலப்பகுதியில் கைது செய்யப்பட்டார். அக்கைது சட்டப்படி செல்லாது என நீதிக்குழு 1897-இல் தீர்த்தது. நிஜாம் அளித்த அதிகாரம், அதனை அளித்த ஆவணச் சொற்களின் எல்லையைக் கடவாது என்பதே அதன் அடிப்படை.

அரை நூற்றாண்டுக்குப் பின் இத்தகைய சொற்பொருள் ஆய்வு மனித உயிர்களைத் தொட்டது. தெலங்கானாக் கிளர்ச்சி வழக்குகளில் சிறப்புத் தீர்ப்பாயங்கள் 1949 ஆகஸ்டில் விதித்த மரண தண்டனைகளை, ஹைதராபாத் உயர்நீதிமன்றம் டிசம்பரில் உறுதி செய்தது. 1950 ஜனவரி 26-இல் அரசமைப்பு நடைமுறைக்கு வந்தது. அதன் 374(4)-ஆம் உறுப்பு, மாநிலப் பிரிவி கவுன்சில் முன் நிலுவையிலிருந்த மேல்முறையீடுகளை உச்சநீதிமன்றத்திற்கு மாற்றியது. தண்டனை பெற்றோர் 136-ஆம் உறுப்பின்கீழ்ச் சிறப்பு அனுமதி வேண்டினர். அவ்வுறுப்பு இந்திய ஆட்சிப்பகுதியிலுள்ள நீதிமன்றங்களின் தீர்ப்புகளைக் குறிக்கின்றது. 'உள்ள' என்பது எந்நாளைச் சுட்டும்? தீர்ப்பு நாளையா, மனு நாளையா? ஜனார்த்தன ரெட்டி வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பு நாளையே கொண்டது. அந்நாளில் ஹைதராபாத் நீதிமன்றம் இந்திய ஆட்சிப்பகுதியில் அடங்கவில்லை எனக் கூறி அனுமதியை மறுத்தது. அம்மரண தண்டனைகள் பின்னர் ஆயுள் தண்டனைகளாகக் குறைக்கப்பட்டன.

மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கது இது: தமிழில் 'உள்ள' என்பது காலங்காட்டாக் குறிப்புப் பெயரெச்சம், ஆங்கில மூலத்தின் முன்னிடைச்சொல்லும் காலங்காட்டுவதில்லை. அவ்விடத்தில் 'இருந்த' என்றோ 'இருக்கின்ற' என்றோ தெளிவுக்காக எழுதுபவர், நீதிமன்றம் ஆராய்ந்து முடிவுசெய்ய வேண்டிய வினாவுக்குத் தாமே விடை கூறியவராவார். சட்டத் தமிழில் மூலத்தின் பொருள்மயக்கத்தையும் பேணுவது சில இடங்களில் மொழிபெயர்ப்பாளரின் கடமையாகின்றது.