எரிக்க வேண்டாம், உருக்கினால் போதும்

1987-இல் டெல்லி திமார்பூரில் ஒரு பிரம்மாண்ட ஆலை எழுந்தது. தொழில்நுட்பம் டென்மார்க்குடையது. நாளொன்றுக்கு 300 டன் குப்பையை எரித்து 3.75 மெகாவாட் மின்சாரம் எடுப்பது திட்டம். அடுப்பை மூட்டிய பிறகுதான் வில்லங்கம் தெரிந்தது. டெல்லிக் குப்பையில் ஈரமும் மண்ணும் சாம்பலுமே மிகுந்திருந்தன. தீ பிடிக்க மறுத்தது. சோதனை ஓட்டம் தொடங்கிய சில வாரங்களிலேயே ஆலை படுத்துவிட்டது. குப்பையைக் காசாக்கும் கனவு அத்தோடு அணைந்திருக்க வேண்டும், அணையவில்லை.

அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் குப்பையின் குணமே மாறிப்போனது. கேரி பேக், பால் கவர், ஷாம்பு பாக்கெட் என்று மக்காத சரக்கு ஊரெங்கும் குவிந்தது. கொளுத்தினால் நச்சுப்புகை, விட்டுவைத்தால் சாக்கடை அடைப்பு. நீலகிரியில் மாவட்ட நிர்வாகமே கேரி பேக்குக்கு எதிராகக் களமிறங்கியது. பிளாஸ்டிக்குக்கு முடிவு கட்ட வேண்டும் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தபோது, மதுரையில் ஒருவர் அதற்கு வேலை தேடிக்கொண்டிருந்தார்.

தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன்தான் அவர். பிளாஸ்டிக்கும் தாரும் கச்சா எண்ணெய் பெற்ற பிள்ளைகள், ஒட்டிக்கொள்ளாமலா போகும்? ஆனால் தாரில் நேரடியாகக் கலந்தால், அளவு கூடும்போது பிளாஸ்டிக் தனியே பிரிந்துவிடும். உறவு உண்டு, சேர்க்கை இல்லை. இங்கேதான் 2001-இல் கதை திரும்பியது.

வாசுதேவன் வரிசையை மாற்றினார். தாருக்கு முன்னால், சுமார் 170 டிகிரி சூட்டில் இருந்த ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் துருவலைத் தூவினார். நெருப்பு வேண்டியிருக்கவில்லை, நச்சுப்புகை கிளம்பவில்லை. பிளாஸ்டிக் உருகி ஒவ்வொரு கல்லின் மேலும் மெல்லிய படலமாகப் படிந்து, நுண்துளைகளை அடைத்தது. அதன்மேல் ஊற்றிய தார் இறுகப் பற்றிக்கொண்டது. பி.வி.சி.யை மட்டும் ஒதுக்கிவைத்தார்கள். சூட்டில் அது நச்சு வாயு கக்கும். ஆய்வகத்தில் எல்லாம் சரி. வெயிலிலும் மழையிலும், லாரிச் சக்கரத்துக்கு அடியிலும் தாங்குமா?

2002-இல் கல்லூரி வளாகத்திலேயே ஒரு துண்டு போட்டுப் பார்த்தார்கள். அதே ஆண்டு சென்னை ஜம்புலிங்கம் தெருவிலும் போட்டார்கள். கேரளத்தில் இடுக்கி மலைகளுக்கு வாசலான கோதமங்கலமும் தொடக்கப் பட்டியலில் சேர்ந்தது. 2006-இல் கல்லூரிக்குக் காப்புரிமை கிடைத்தது. ஆனாலும் வாசுதேவன் அதை விலை பேசவில்லை. அரசு இலவசமாகவே பயன்படுத்தட்டும் என்று கொடுத்துவிட்டார். ஆண்டுகள் கழித்து மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இத்தகைய சாலைகளைச் சோதிக்கச் செய்தது.

பள்ளம் இல்லை, பெயர்வும் இல்லை. கல்லுக்கும் தாருக்கும் நடுவே மழைநீர் புகுந்தால்தானே குழி விழும்? அந்த வழியைத்தான் பால் கவர் அடைத்திருந்தது!

இப்படிப் பிறந்ததுதான் பிளாஸ்டிக் தார்ச்சாலை. ஒற்றைத் தடச் சாலையில் கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு டன் பிளாஸ்டிக் போகும், ஏறக்குறைய அதே அளவு தார் மிச்சமாகும். 2015-இல் மத்திய அரசு, 5 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் போடும் தார்ச்சாலைகளில் கழிவு பிளாஸ்டிக்கைக் கட்டாயமாக்கியது. 2018-இல் வாசுதேவனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. கேரளத்தில் ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீடுவீடாகச் சேகரிக்கும் பிளாஸ்டிக்கின் ஒரு பகுதியும் துருவலாகிச் சாலைக்கே போகிறது.