அந்தரத்தில் நிற்கும் நீர் (மேடை வித்தை)

கவிழ்த்த குவளையிலிருந்து நீர் கொட்டாமல் நிற்பதும், விழும் துளிகள் நடுவழியில் நிற்பதும் மேலேறுவதும் இவ்வகைக் கண்கட்டு வித்தைகளில் அடங்கும். இவற்றில் திரவத்தை உண்மையிலேயே தூக்க வேண்டியதில்லை. அதைத் தாங்குவதை மறைக்கலாம்; அல்லது பார்ப்பவருக்கு எந்தக் கணம் தெரிய வேண்டும் என்பதைத் தேர்ந்துகொள்ளலாம். புதிய வித்தையை அமைப்பவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது இதைத்தான்.

முதல் வழிக்குக் குவளை வித்தையே சிறந்த சான்று. வளிமண்டல அழுத்தம் சுமார் 10 மீட்டர் உயர நீரைத் தாங்க வல்லது; ஒரு சாண் குவளை அதற்கு ஒரு பொருட்டே அல்ல. ஆயினும் திறந்த குவளையைக் கவிழ்த்தால் நீர் கொட்டிவிடுகிறது. அடிப்பரப்பில் எழும் சிற்றலைகள் நொடிப்பொழுதில் பெருத்து, காற்று உள்ளே புக இடம் தருவதே காரணம். குவளையின் வாயில் மெல்லிய வலையைப் பொருத்தினால், அதன் ஒவ்வொரு கண்ணிலும் நீரின் பரப்பு இழுவிசை அந்த அலையை அடக்கிவிடும். தூரத்தில் இருப்பவருக்கு வலை தெரியாது. கீழிருந்து செருகும் பல்குச்சி வலைக்கண் வழியே புகுந்து நீரில் மேலேறும். மூடி ஏதும் இல்லை என்று அவையோர் உறுதியாக நம்புவது அப்போதுதான். குவளையைச் சாய்க்கக் கூடாது. சோப்பு துளியும் ஒட்டியிருக்கக் கூடாது.

இரண்டாம் வழி இன்னும் நுட்பமானது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஹெரால்ட் எட்கர்ட்டன் (1903–1990) விட்டுவிட்டு மின்னும் ஸ்ட்ரோப் விளக்கைக் கொண்டு இதைக் காட்டும் கருவியை அமைத்தார். இருட்டறையில் நொடிக்கு 60 துளிகள் விழ, விளக்கும் 60 முறை மின்னினால் துளிகள் அந்தரத்தில் நிற்கும். 61 முறை மின்னினால் மெல்ல மேலேறும். 59 என்றால் மெல்ல இறங்கும். ஒவ்வொரு மின்னலிலும் தெரிவது வேறு துளி. கண் அவற்றை ஒரே துளியாகக் கோத்துக்கொள்கிறது. நொடிக்கு 24 படம் எடுக்கும் கேமராவும், 24 முறை அதிரும் ஒலிபெருக்கியில் கட்டிய நீர்க்குழாயும் இருந்தால் இதே மாயம் திரையில் கிடைக்கும். நேரில் பார்ப்பவருக்குக் கிடைக்காது. நொடிக்கு 3 முதல் 30 வரையிலான மின்னல்கள் சிலருக்கு வலிப்பைத் தூண்டக்கூடும். ஆகவே விளக்கின் வேகத்தைக் குறைப்பதற்கு முன் அவையை எச்சரிப்பது கட்டாயம்.

2020இல் பாரிஸ் இயற்பியலாளர்கள் இவ்விரு வழிகளிலும் சேராத ஒன்றைச் செய்து காட்டினர். பிசுபிசுப்பான திரவத்தை மேலும் கீழுமாக வேகமாக அதிரச்செய்து, காற்றடுக்கின் மேல் உண்மையாகவே நிறுத்தினர். அந்தத் திரவத்தின் அடிப்பரப்பில் பொம்மைப் படகு தலைகீழாக மிதந்தது.