இரண்டு பீரங்கிகளைத் தவிர

1872-இல் ராயல் சொசைட்டி பிரிட்டிஷ் கடற்படையிடம் கேட்டு ஒரு கப்பலைப் பெற்றது. ஆழ்கடலில் என்ன இருக்கிறது என்று உலகம் சுற்றிப் பார்க்க வேண்டும், அதுதான் விண்ணப்பம். புதிதாக எதையும் கட்டித் தரவில்லை. ஹெச்.எம்.எஸ். சாலஞ்சர் என்ற போர்க்கப்பலைக் கொடுத்தார்கள். பாயும் நீராவி இயந்திரமும் சேர்ந்த மரக்கப்பல். அதிலிருந்த பீரங்கிகளில் இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இறக்கினார்கள். காலியான இடத்தில் விலங்கியலுக்கு ஒரு ஆய்வகம், வேதியியலுக்கு ஒன்று, புகைப்படம் கழுவ ஒரு இருட்டறை. நவீனக் கடலாய்வின் கதையை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யாராவது கேட்டால், நான் அந்தக் காலி இடத்திலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் எந்த வேலை தொடங்கும் முன்பும் 'ரிக்வயர்மென்ட்ஸ்' என்று ஒரு ஆவணம் வரும். என்னென்ன வேண்டும், எவ்வளவு வேண்டும், எது இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்ற பட்டியல். ஆராய்ச்சிக் கப்பல்களுக்கும் அப்படி ஆவணங்கள் உண்டு. எத்தனை விஞ்ஞானிகளுக்குப் படுக்கை, துறைமுகம் தொடாமல் எத்தனை நாள், எவ்வளவு அலையில் கிரேன் வேலை செய்யணும், காற்றிலும் நீரோட்டத்திலும் ஒரே இடத்தில் எப்படி நிற்கணும், எவ்வளவு சத்தம்வரை போடலாம். தூக்கம் வராத இரவுகளில் இவற்றை வாசிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பார்க்க வறட்டுப் பட்டியல்தான். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு பழைய கப்பல் நிற்கிறது, அதில் யாரோ பட்ட பாடும் நிற்கிறது.

கயிறை எடுத்துக்கொள்வோம். சாலஞ்சர் மூன்றரை ஆண்டுகளில் 68,890 கடல்மைல் போனது. 362 இடங்களில் நின்று ஆழம் பார்த்தது. நம் மீனவர்கள் பாகம் கணக்கில் ஆழம் சொல்வதைப்போல அவர்களும் கயிற்றில் குண்டைக் கட்டி இறக்கித்தான் பார்த்தார்கள். அதற்காக ஏற்றிக்கொண்டு போனது 291 கிலோமீட்டர் இத்தாலியச் சணல் கயிறு. 1875 மார்ச்சில் மேற்குப் பசிபிக்கில் 4,475 பாகம் இறங்கியது. எட்டு கிலோமீட்டருக்கும் மேல். ஒரு கூடைச் சேற்றை மேலே கொண்டுவர ஒரு முழுப் பகல் போகும். விஞ்ஞானிகளுக்கு அது புதையல், மாலுமிகளுக்கு வெறும் சேறு. சுமார் 240 பேரோடு கிளம்பிய கப்பல் 1876 மே மாதம் திரும்பியபோது அதில் 144 பேர்தான் இருந்தார்கள். இறந்தவர்கள், நோயில் இறங்கியவர்கள், துறைமுகத்தில் சொல்லாமல் கம்பி நீட்டியவர்கள் எல்லாம் போக மிச்சம்.

இத்தனைக்கும், பியானோவின் எஃகுக் கம்பியைக் கொண்டு ஆழம் பார்க்கலாம் என்று வில்லியம் தாம்சன் (பிற்கால கெல்வின் பிரபு) 1872-லேயே செய்து காட்டியிருந்தார். அந்தக் கருவி சாலஞ்சரிலும் ஏற்றப்பட்டது. முதல் முயற்சியிலேயே கம்பி சுற்றும் உருளை நசுங்கிப்போக, மறுபடி சணலுக்கே போய்விட்டார்கள். சில மாதங்களில் அமெரிக்காவின் டஸ்கரோரா கப்பல் அதே முறையைத் திருத்தி, பசிபிக்கில் வெற்றிகரமாகப் பயன்படுத்தியது. இன்றைய ஆவணங்களில் வின்ச், கம்பி பற்றி மட்டும் பக்கம் பக்கமாக எழுதியிருப்பது ஏன் என்று இப்போது புரிகிறது, இல்லையா?

அடுத்தது, கப்பலை எதனால் செய்வது என்ற கேள்வி. 1909-இல் அமெரிக்காவின் கார்னகி நிறுவனம் பூமியின் காந்தப்புலத்தைக் கடலில் அளக்க ஒரு கப்பல் கட்டியது. இரும்பு இருந்தால் அளவு கெடும். அதனால் மரம், வெண்கலம், செம்பு என்று தேடித்தேடிச் செய்தார்கள். நங்கூரம்கூட வெண்கலம். ஒரே ஒரு அளவீட்டுக்காக ஒரு முழுக் கப்பல். பல கடல்களின் திசைகாட்டிப் பிழைகளை அது திருத்தித் தந்தது. 1929 நவம்பரில் சமோவாவின் ஆப்பியா துறைமுகத்தில் பெட்ரோல் ஏற்றும்போது வெடித்து எரிந்தது. கேப்டன் ஜேம்ஸ் ஆல்ட்டும், கூட ஒரு பையனும் இறந்துபோனார்கள். கார்னகி நிறுவனம் அந்தக் கப்பலுக்கு வாரிசு கட்டவில்லை. ஒரே வேலைக்கென்று கட்டியது போனால், அந்த வேலையும் கூடவே போய்விடுகிறது.

அதற்குச் சற்று முன்பு, 1925 முதல் 1927 வரை, ஜெர்மனியின் மெட்டியோர் கப்பல் அட்லாண்டிக்கைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்துகொண்டிருந்தது. அதில் கயிற்றுக்குப் பதில் ஒலி. சத்தத்தை அனுப்பி எதிரொலி திரும்ப எவ்வளவு நேரம் என்று பார்த்தால் ஆழம் தெரிந்துவிடும். சாலஞ்சர் சில நூறு இடங்களில் அளந்தது. மெட்டியோர் 67,000-க்கும் மேற்பட்ட அளவுகளோடு திரும்பியது. ஒலி வந்ததும் கப்பலிடம் கேட்பது மாறிவிட்டது. அலையில் முகப்பு குத்தி எழும்போது காற்றுக் குமிழிகள் அடிப்பகுதிக்குள் புகும்; குமிழி வந்தால் சோனாருக்குக் காது அடைத்துவிடும். ஆக, முகப்பின் வடிவம் மாற வேண்டும். பனிக்கடலுக்குப் போவதென்றாலோ உருண்டையான, பனியை ஏறி நொறுக்கும் உடல் தேவை. அது திறந்த கடலில் தாறுமாறாக ஆடும், குமிழிகளையும் கீழே தள்ளும். ஒருவர் கேட்டதைக் கொடுத்தால் இன்னொருவருக்கு இல்லை. ஒரே மீட்டிங்கில் நாலு டீமை உட்கார வைத்தவர்களுக்கு இந்த வேதனை தெரியும்.

சத்தத்தின் கதை இன்னும் சுவாரஸ்யம். மீன்வளத்தைக் கணக்கிடும் கப்பல் இரைந்தால் மீன்கள் ஒதுங்கிப்போகும், எண்ணிக்கை குறையும். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் எத்தனை டன் பிடிக்கலாம் என்று அரசுகள் முடிவு செய்கின்றன. அதனால் 1995-இல் ஆராய்ச்சிக் கப்பல்களுக்கு ஒரு சத்த வரம்பு பரிந்துரைக்கப்பட்டது. அதைப் பின்பற்றி நார்வே 2003-இல் ஜி.ஓ. சார்ஸ் என்ற அமைதியான கப்பலை இறக்கியது. பிறகு அதையும் பழைய, சத்தமான யோஹான் ஹ்யூர்ட் கப்பலையும் ஹெர்ரிங் மீன்கூட்டத்தின் மேல் ஓட்டிப் பார்த்தார்கள். மீன்கள் அதிகமாக மிரண்டது அமைதியான கப்பலுக்குத்தான்! முடிவு 2007-இல் வெளிவந்தது. நாம் அளந்த சத்தமும் மீனை மிரட்டுவதும் ஒன்றல்ல போலிருக்கிறது. எனக்கு இதில் பிடித்தது, அவ்வளவு செலவு செய்து கட்டியவர்களே அதைச் சோதித்து, வந்ததை அப்படியே அச்சிட்டதுதான்.

பட்டியலில் வெகுகாலம் இல்லாத ஒரு வரியும் உண்டு: கப்பலில் யார் ஏறலாம்? மேரி தார்ப் 1948-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பெண்களைக் கப்பலில் ஏற்றும் வழக்கம் அங்கே இல்லை. தனிக் கழிப்பறை இல்லை, தனி அறை இல்லை என்ற காரணங்கள் அந்தக் காலத்து எல்லாக் கப்பல்களிலும் தயாராக இருந்தன. சக ஆய்வாளர் புரூஸ் ஹீஸன் கடலுக்குப் போய் ஆழ அளவுகளைக் கொண்டுவருவார். தார்ப் கரையில் உட்கார்ந்து வரைவார். அட்லாண்டிக் நடு மலைத்தொடரின் உச்சியில் ஒரு பள்ளத்தாக்கு ஓடுவதை 1950-களின் தொடக்கத்தில் அவர் கண்டுபிடித்தார். கண்டங்கள் விலகுகின்றன என்று அதற்கு அர்த்தம் வருமென்பதால் ஹீஸன் முதலில் அதை ஒதுக்கித் தள்ளினார். தான் வரைந்த கடலில் தார்ப் ஆய்வுப் பயணம் போனது 1968-இல்.

அதே 1968-இல்தான் குளோமர் சாலஞ்சர் கிளம்பியது. பெயர் பழைய சாலஞ்சருக்கு மரியாதை. நங்கூரம் போட முடியாத ஆழத்தில், உந்திகளை இயக்கியே ஒரே இடத்தில் நின்று கடலடியைத் துளையிடும் கப்பல். நடு மலைத்தொடரிலிருந்து தள்ளிப்போகப் போகப் பாறையின் வயது கூடுகிறது என்று அது காட்டியது. தார்ப்பின் பள்ளத்தாக்கு பொய்யில்லை. அதன் வாரிசு ஜாய்டஸ் ரெசல்யூஷன் 1985 முதல் 2024 வரை துளையிட்டது. பிறகு ஓய்வு. அமெரிக்கா இன்னும் அதற்கு மாற்றுக் கப்பல் கட்டவில்லை. எடுத்த மண் உருளைகள் டெக்சாஸ், பிரேமன், ஜப்பானின் கோச்சி கிடங்குகளில் இருக்கின்றன. புதிதாக எடுக்கத்தான் அந்தக் கப்பல் இல்லை.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். இந்தியாவின் முதல் கடலாய்வுக் கப்பல் கவேஷணி, 1976. கொல்கத்தா கார்டன் ரீச் தளத்தில், துறைமுகத்தில் தூர்வாரிய சேற்றை ஏற்றிப்போய்க் கடலில் கொட்டும் ஹாப்பர் பார்ஜ் ஒன்றை மாற்றி அமைத்தார்கள். சேற்றைக் கொட்ட வேண்டியது, சேற்றைத் தேடிப் போனது. 1981 ஜனவரியில் அதுதான் இந்தியப் பெருங்கடலின் அடியிலிருந்து உலோக உருண்டைகளை எடுத்தது. மாங்கனீசு, நிக்கல், செம்பு, கோபால்ட் கொண்ட கருப்பு உருண்டைகள். அதே வகை உருண்டைகளை முதலில் அள்ளியது 1873-இல் சாலஞ்சர். 1987-இல் இந்தியாவுக்கு ஆழ்கடல் முன்னோடி முதலீட்டாளர் என்ற அங்கீகாரம் கிடைத்தது. பிறகு ஜெர்மனியில் கட்டிய சாகர் கன்யா, இத்தாலியில் கட்டிய சாகர் நிதி என்று புதுக் கப்பல்கள் வந்தன. இவற்றை இயக்குவது சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம். 2024-இல் கோவாவின் தேசிய துருவ, கடலாய்வு மையத்துக்காக ஒரு புதிய ஆராய்ச்சிக் கப்பல் கட்ட ஒப்பந்தமானது. கட்டுவது யார் தெரியுமா? அதே கார்டன் ரீச்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். ஆர்கோ திட்டத்தில் சுமார் 4,000 மிதவைகள் தாமாகவே முங்கி எழுந்து வெப்பமும் உப்பும் அளக்கின்றன. மேலே செயற்கைக்கோள்கள். இவ்வளவு செலவில் கப்பல் எதுக்கு? அந்த மிதவைகளில் பெரும்பாலானவை 2,000 மீட்டரோடு நின்றுவிடும். கடலின் சராசரி ஆழம் சுமார் 3,700. அவற்றின் உணரிகள் சரியாகத்தான் காட்டுகின்றனவா என்று பார்க்க, கப்பலில் எடுத்த தண்ணீர்தான் உரைகல். ரோபோ சேற்றை முகர்ந்து பார்க்காது. "இது என்னடா புதுசா இருக்கு" என்று கேட்காது.

ஆனால் என்னை முழுதாக ஒப்புக்கொள்ள வைத்தது வேறொன்று. சாலஞ்சர் நின்ற இடங்களில் வெப்பநிலையும் அளந்தார்கள். புவி வெப்பமாதல் என்ற சொல்லே அன்றைக்குக் கிடையாது. அந்த எண்கள் எதற்குப் பயன்படும் என்று அவர்கள் கற்பனை செய்திருக்க வாய்ப்பில்லை. 2012-இல் டீன் ரோமிக்கும் சகாக்களும் அவற்றை ஆர்கோ அளவுகளோடு ஒப்பிட்டார்கள். அந்த இடங்களில் மேற்பரப்பு சராசரியாக 0.59 டிகிரி சூடாகியிருந்தது. மேல் 700 மீட்டருக்கு 0.33 டிகிரி. இந்தச் சூடு இன்று நேற்று ஏறியதல்ல என்று சொல்ல, 140 ஆண்டுக்கு முன்னால் சலித்துப்போன மாலுமிகள் கயிறிழுத்து எடுத்த எண்கள் தேவைப்பட்டன.

ஒரு ஆராய்ச்சிக் கப்பல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடும். கடைசிக் காலத்தில் அதில் ஏறப்போகிறவர்களில் பலர் இப்போது பள்ளியில் இருக்கிறார்கள், சிலர் பிறக்கவே இல்லை. எந்த ரிக்வயர்மென்ட் மீட்டிங்குக்கும் அவர்கள் வர முடியாது. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் எழுதிய ஆவணங்களில் ஒரு கோரிக்கை திரும்பத் திரும்ப வருகிறது: பின்தளத்தைக் காலியாக விடுங்கள். கன்டெய்னர் ஆய்வகங்களைப் பூட்ட தரையில் திருகு துளைகள் மட்டும் போடுங்கள். இன்றைக்குப் பெருமையாகத் தெரியும் எந்த இயந்திரத்தையும் அங்கே நிரந்தரமாகப் பற்றவைத்துவிடாதீர்கள். நிதிக் குழுவுக்கு வெற்றுத் தளத்தைக் காட்டிப் பணம் கேட்பது கஷ்டம். திறப்பு விழாப் படத்திலும் அது அழகாக விழாது. கொல்கத்தாவில் உருவாகும் கப்பலில் அந்த இடம் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.