800 மீட்டர்: ரெண்டே சுத்து, தீராத சந்தேகம்

குன்றக்குடியில வெயில்ல நாள் முழுக்க வயல் வேலை செய்யற பொம்பளைங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். "பெண்களால 800 மீட்டர் ஓட முடியாது"ன்னா சிரிப்புத்தான் வருது. ஆனா ஒலிம்பிக்ஸ் அப்படித்தான் சொல்லிச்சு!

1928, ஆம்ஸ்டர்டாம். பெண்களுக்குத் தடகளப் போட்டி வெச்ச முதல் ஒலிம்பிக்ஸ். 800 மீட்டரில் ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் ஜெயிச்சாங்க. ஓடினவங்க களைச்சுப் போனதைப் பத்திரிகைகள் ஊதிப் பெருசாக்க, பந்தயத்தையே தூக்கிட்டாங்க. திரும்ப வந்தது 1960ல். 32 வருஷம்..!

2006, தோஹா ஆசிய விளையாட்டு. அதே 800 மீட்டர். எங்க பக்கத்து மாவட்டம் புதுக்கோட்டை, கத்தக்குறிச்சி கிராமம். செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள் சாந்தி சௌந்தரராஜன் 2:03.16ல் வெள்ளி வாங்கினாங்க. பாலினப் பரிசோதனையில் தேறலைன்னு பதக்கத்தைப் பறிச்சாங்க. அவங்க ஊக்கமருந்து எடுக்கலை. பொறந்த உடம்போடதான் ஓடினாங்க.

2014ல் ஒடிஷாவின் டூட்டி சந்துக்குத் தடை. அவங்க விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போய், 2015ல் அந்த விதியையே நிறுத்தி வைக்க வெச்சாங்க. சாந்தி 2016ல் தமிழக அரசின் தடகளப் பயிற்சியாளர் ஆனாங்க. பதக்கம் மட்டும் திரும்பலை.

2025 செப்டம்பர்ல இருந்து உலகப் போட்டிகள்ல பெண்களுக்கு மரபணுச் சோதனை கட்டாயம். அன்னைக்கு "பெண்ணால ஓட முடியுமா?", இன்னைக்கு "ஓடுறது பெண்தானா?"

போட்டி நியாயமா நடக்கணும், ஒத்துக்கறேன். அதுக்காக ஒரு பொண்ணோட உடம்பை ஊரே கூடி அலசுறது எந்த ஊரு நியாயம்? நீங்களே சொல்லுங்க.