நாட்காட்டியா, வெப்பநிலையா? சந்திராவின் மாசுப் படலமும் அளவுத்திருத்தத் திட்டமும்

சந்திரா எக்ஸ் கதிர் ஆய்வகத்தின் ஏசிஸ் கருவிக்கு அளவுத்திருத்த நேரம் ஒதுக்குவதில் ஒரு கருத்து வேரூன்றியிருக்கிறது. கருவி முதுமை அடைந்துவிட்டது, அதன் போக்கு தெரிந்துவிட்டது, ஆண்டுக்குச் சில நோக்குகளை நாட்காட்டியில் சம இடைவெளியில் வைத்து இருக்கும் வளைகோட்டை முன்னோக்கி நீட்டினால் போதும் என்பது அது. இக்கட்டுரை அதை மறுக்கிறது. மறுப்புக்கான ஆதாரம் ஏறத்தாழ முழுவதும் ஒரே இடத்தில் இருக்கிறது: ஒளித்தடுப்பு வடிகட்டியின்மேல் படிந்துள்ள மாசுப் படலத்தின் கால வளைகோட்டில், குறிப்பாக 2017க்குப் பிந்தைய பகுதியில்.

அந்த வளைகோடு எதிலிருந்து பெறப்பட்டது என்பது முக்கியம். தொடக்க ஆண்டுகளில் அது விண்கலத்திலேயே இருந்த இரும்பு-55 மூலத்தைச் சார்ந்திருந்தது. 0.67 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அருகே விழும் எல் கோடுகளுக்கும் 5.9 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் உள்ள மாங்கனீசு கே கோட்டுக்கும் இடையிலான விகிதம் குறையக் குறையப் படலம் தடிக்கிறது என்று பொருள் கொள்ளப்பட்டது. எளிமையான, நேர்த்தியான அளவீடு. முதல் சில ஆண்டுகளின் புள்ளிகள் மெல்லத் தட்டையாகும் ஒரு கோட்டில் அமைந்தன. படிவு ஓர் உச்சத்தை நெருங்கி நின்றுவிடும் என்ற நம்பிக்கை அங்கேதான் பிறந்தது. 2004இல் வடிகட்டியைச் சூடாக்கி மாசை விரட்டும் யோசனை கைவிடப்பட்டதற்கு வேறு வலுவான காரணங்கள் இருந்தன. 1999இல் புரோட்டான்களால் ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்த சிசிடி உணரிகளை மீண்டும் சூடாக்கினால் மின்னூட்டக் கடத்தல் இன்னும் கெடலாம் என்ற அச்சம் அவற்றுள் ஒன்று. அந்த முடிவை நான் குறைகூறவில்லை. ஆனால் வளைகோடு தானே தட்டையாகிவிடும் என்ற எதிர்பார்ப்பு பின்னர் பொய்த்தது.

படிவு தணியவில்லை, வேகமெடுத்தது. 2008இல் கருவி உறையின் ஹீட்டர் அணைக்கப்பட்டது. குவியத்தளத்தைக் குளிராக வைத்திருக்க அப்படி அணைப்பது தேவைப்பட்டது. உறை குளிர்ந்த பின்னர், அடுத்த சில ஆண்டுகளில் படிவு வீதம் கூடியது. இவ்விரண்டையும் காரண காரியமாக இணைக்க இந்த ஒரு நிகழ்வு மட்டும் போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். படலத்தின் வேதியியல் சேர்மானமும் காலத்தோடு மாறியிருக்கிறது. சந்திராவின் கீற்றணி வழியே பிளேசார்களின் வழுவழுப்பான நிறமாலையில் கார்பன், ஆக்சிஜன், ஃப்ளோரின் ஆகியவற்றின் உட்கவர் விளிம்புகள் தனித்தனியே அளக்கப்பட்டதால் அது தெரியவந்தது. பிளேசாரின் ஒளிர்வு எவ்வளவு ஏறி இறங்கினாலும் விளிம்பின் ஆழம் அதனால் மாறுவதில்லை. எனவே இந்தச் சான்றை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

இனி 2017க்கு வருவோம். அந்த ஆண்டு முதல் படிவு வீதம் சட்டென்று குறைந்தது. இதை வெளிக்கொணர்ந்தது சிறிய மெகல்லானிய முகிலில் உள்ள E0102 என்ற சூப்பர்நோவா எச்சம். ஆக்சிஜன், நியான் கோடுகளே ஆதிக்கம் செலுத்தும் அதன் நிறமாலைக்குப் பல கருவிகளின் துணையோடு ஒரு பொதுமாதிரி உருவாக்கப்பட்டிருந்தது. பழைய வீதத்தை நீட்டி எழுதிய திருத்தக் கோப்பைக் கொண்டு பகுத்தபோது கோடுகளின் பாய்வு இருக்க வேண்டியதைவிட மிகுந்து வந்தது. எச்சம் பிரகாசமாகவில்லை. இல்லாத உட்கவர்ச்சியை இருப்பதாகக் கொண்டு நாம்தான் மிகையாகத் திருத்தியிருந்தோம்.

பொதுமாதிரியே தவறாக இருக்கலாமே என்ற ஆட்சேபத்தில் நீண்ட நேரம் தங்க வேண்டியதில்லை. மாதிரி நிலையான தவறு உடையதாக இருந்தால் விலகலும் நிலையாக இருந்திருக்கும். இங்கே விலகல் காலத்தோடு வளர்ந்தது.

உண்மையான கருத்து வேறுபாடு இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வீதம் குறைந்ததற்கு இரண்டு விளக்கங்கள் உள்ளன. வடிகட்டிமேல் வந்து சேரும் மாசு குறைந்திருக்கலாம், அல்லது வந்து சேர்ந்தது கூடுதலாக ஆவியாகி வெளியேறியிருக்கலாம். கருவிக் குழுவினர் இரண்டையும், இரண்டும் கலந்த நிலையையும், திறந்தே வைத்தனர். நாட்காட்டித் திட்டமோ சொல்லாமலே முதல் விளக்கத்தை ஏற்றுக்கொண்டுவிடுகிறது. மூலத்தில் மாசு தீர்ந்துவருகிறது என்றால் காலம் ஒன்றே போதுமான மாறியாகிவிடும். ஆவியாதல்தான் காரணம் என்றால் காலம் போதாது, வெப்ப வரலாறும் வேண்டும்.

இரண்டாவது விளக்கமே பொருந்துகிறது என்று கருதுகிறேன். என் வாதம் படலத்தின் பரவலைச் சார்ந்தது. வடிகட்டி ஏறத்தாழ −60 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. அதன் மையத்தைவிட விளிம்பு குளிர்ந்தது, ஆகவே விளிம்பில் படலம் தடிப்பு. வருகை மட்டும் குறைந்திருந்தால் மையத்திலும் விளிம்பிலும் வளர்ச்சி ஏறத்தாழ ஒரே விகிதத்தில் தணிந்து, பழைய பரவல் மாதிரி ஒரு பெருக்கெண் திருத்தத்தோடு தொடர்ந்து உதவியிருக்கும். அப்படி உதவவில்லை. 2017க்குப் பிந்தைய தேதிகளுக்கு இடஞ்சார்ந்த மாதிரியும் துல்லியம் இழந்தது. ஆவியாதல் வீதமோ வெப்பநிலையோடு நேர்விகிதத்தில் அன்றி அடுக்கு வேகத்தில் கூடுவது. ஒரு சில டிகிரி வேறுபாடே மையத்தையும் விளிம்பையும் வெவ்வேறு பாதைகளில் செலுத்திவிடும். பல அடுக்குக் காப்புறை நைந்து விண்கலம் ஆண்டுதோறும் சூடேறி வருவதும், உறை குளிர்ந்த பின் படிவு விரைந்ததும் இதே திசையில் சுட்டுகின்றன. மூலக்கூறுகள் வடிகட்டிப் பரப்பிலேயே நகர்வதும், ஒன்றுக்கு மேற்பட்ட சேர்மங்கள் வெவ்வேறு வேகத்தில் ஆவியாவதும் இப்படத்தைச் சிக்கலாக்கலாம். அவையும் வெப்பநிலையைச் சார்ந்தவை என்பதால் என் முடிவின் திசை மாறாது.

இதை ஏற்றால் திட்டமிடல் எப்படி மாற வேண்டும்? கருவியில் இரண்டு மாறுதல்கள் இரு வேறு வேகங்களில் நடக்கின்றன. சிசிடியின் ஆற்றல் அளவுகோல் குவியத்தளத்தின் வெப்பநிலைக்கு உடனுக்குடன் எதிர்வினை தருகிறது. மாசுப் படலம் பல மாதங்களின் வெப்பத்தைச் சேர்த்துக் காட்டுகிறது. இரண்டையும் ஒரே அட்டவணையில் அடைப்பது தவறு. முதலாவதற்கு, ஒரே கோடுகளைப் பல வெப்பநிலைகளில் அளக்க வேண்டும். இரும்பு-55இன் அரை ஆயுள் சுமார் 2.7 ஆண்டு. 1999 ஜூலையில் ஏவப்பட்டது முதல் 25 ஆண்டுகளில் அது ஐந்நூறில் ஒரு பங்குக்கும் கீழே மங்கிவிட்டது. காஸியோபியா ஏ போன்ற, கோடுகள் நிறைந்த எச்சங்கள்தான் இனி அந்த இடத்தை நிரப்ப முடியும். அதற்கான நேரத்தை வான்நோக்குக்குரிய நேரத்திலிருந்தே எடுத்தாக வேண்டும். முன்பு கருவி ஒதுக்கிடத்தில் நிற்கும்போது கதிர்வீச்சு வளையத்தைக் கடக்கும் வேளையில் இந்த வேலை செலவின்றி நடந்துவந்தது.

இரண்டாவதற்கு, நோக்குகளின் எண்ணிக்கையைவிட அவை வைக்கப்படும் இடம் முக்கியம். E0102 சூரிய வீதித் தளத்திலிருந்து ஏறத்தாழ 65 டிகிரி தெற்கே இருப்பதால் ஆண்டு முழுவதும் காணக் கிடைக்கிறது. ஆனால் விண்கலம் எவ்வளவு சூடேறும் என்பதைத் தீர்மானிக்கும், சூரியனிலிருந்து அதன் கோணம் சுமார் 65க்கும் 115க்கும் இடையிலேயே ஊசலாடுகிறது. ஏபெல் 1795 கொத்து அத்தளத்திலிருந்து 35 டிகிரி வடக்கே மட்டுமே உள்ளதால் அதன் கோணம் மிக அகன்ற எல்லையில் மாறுகிறது. அக்கொத்தின் ஒளிர்வு நம் ஆயுட்காலத்தில் மாறப்போவதும் இல்லை. இதுவரை அதன் மதிப்பு இந்த நிலைத்தன்மைக்காகவே பேசப்பட்டது. வெப்பநிலையைத் தேர்ந்தெடுக்கும் வசதிக்காகவும் அதைப் பயன்படுத்தலாம் என்பது என் பரிந்துரை. விண்கலம் நீண்ட காலம் சூடான கோணங்களில் இருந்த பருவங்களுக்கு முன்னும் பின்னும் இணையாக நோக்குகள் வைத்து, ஒவ்வொன்றிலும் சிசிடியின் மையத்தையும் விளிம்பையும் அளந்தால், மேற்சொன்ன இரண்டு விளக்கங்களுக்கும் இடையே தீர்ப்புக் கிடைக்கும். சம இடைவெளி அட்டவணை எத்தனை ஆண்டு தொடர்ந்தாலும் அதைத் தராது.

இது விருந்தினர் ஆய்வாளர்களின் நேரத்தைத் தின்றுவிடும் என்பார்கள். மென்மையான மூலங்களை ஆய்பவர்களுக்கு 1 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே திருத்தம் இன்றி அந்த நேரத்தால் பயன் இல்லை. ஹைட்ரஜன் தூண் அடர்த்தியும் வாயுவின் வெப்பநிலையும் அங்கேதான் பிழைபடுகின்றன. மொத்த நேரத்தைக் கூட்டவும் நான் கேட்கவில்லை. இருப்பதை இடம் மாற்றி வைக்கவே கேட்கிறேன்.

அடுத்த நோக்குச் சுற்றுக்கான அளவுத்திருத்த அட்டவணையை வகுப்போர் ஒவ்வொரு நோக்கின் அருகிலும் தேதியோடு எதிர்பார்க்கப்படும் வடிகட்டி வெப்பநிலையையும் குறிக்க வேண்டும். திருத்தக் கோப்பை 2017க்குப் பிந்தைய தரவுகளுக்குப் பயன்படுத்துவோர் கோப்பின் பதிப்பைத் தம் கட்டுரையில் வெளிப்படையாகப் பதிவுசெய்ய வேண்டும்.