செவ்வாயில் சிக்கிய பூட்டு



1997 ஜூலை 4. நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலம் செவ்வாயில் பத்திரமாக இறங்கியது. படங்களும் வர ஆரம்பித்தன.

சில நாட்களில் ஒரு பிரச்சனை. கலத்தின் கணினி திடீர் திடீர்னு தானாகவே ரீஸ்டார்ட் ஆனது. அன்றைய மிச்ச வேலை மறுநாளுக்குத் தள்ளிப்போனது. நேரில் போய் சரிசெய்யவும் வழியில்லை.

என்ன ஆச்சு?

வார்டு உதாரணமே சொல்றேன்.

ஒரு நோயாளிக்கு ஒரே கேஸ் ஷீட். ரெண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதினால் குழப்பம். ஒருவர் கையில் இருக்கும்வரை மற்றவர் காத்திருக்கணும். கணினியில் இதைத்தான் 'லாக்' என்கிறார்கள்.

ஷீட் இப்போ ஹவுஸ் சர்ஜன் கையில். சீஃப் காத்திருக்கிறார். அந்நேரம் பார்த்து டியூட்டி டாக்டர் ஹவுஸ் சர்ஜனை வேறொரு நீண்ட வேலைக்கு இழுத்துப் போகிறார். ஷீட்டும் கூடவே போகிறது. சீஃப் நிற்கிறார்!

செவ்வாயிலும் இதே கதை.

👉 ஹவுஸ் சர்ஜன்: வானிலைத் தகவல் சேகரிக்கும் பணி
👉 சீஃப்: கலத்தின் தகவல் பாதையை நிர்வகிக்கும் பணி
👉 டியூட்டி டாக்டர்: நடுவில் வந்த இன்டரப்ட் எழுப்பிவிட்ட தகவல்தொடர்புப் பணி

முக்கியமான பணி நேரத்துக்கு முடியவில்லை என்றதும், கண்காணிப்பு டைமர் கணினியை ரீஸ்டார்ட் செய்துவிட்டது.

இதற்கு மருந்து ஏற்கெனவே இருந்தது. 1990இல் லூய் ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோட்ஸ்கி மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை அது. ராஜ்குமார் நம்ம கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர்!

அவர்கள் சொன்னது எளிது: சீஃப் காத்திருக்கும்வரை ஹவுஸ் சர்ஜனுக்கும் சீஃபின் அந்தஸ்தைக் கொடு. டியூட்டி டாக்டர் கூப்பிட முடியாது. வேலை முடிந்து ஷீட் கைமாறியதும் பழைய அந்தஸ்து.

பாத்ஃபைண்டரின் விஎக்ஸ்வொர்க்ஸ் இயங்குதளத்தில் இந்த வசதி இருந்தது. ஆனால் அந்த லாக்கில் ஆஃப் செய்யப்பட்டிருந்தது. பொறியாளர்கள் பூமியில் இருந்த மாதிரிக் கலத்தில் கோளாறை வரவழைத்துப் பார்த்து, காரணத்தை உறுதிசெய்து, செவ்வாய்க்குக் கட்டளை அனுப்பி அதை ஆன் செய்தார்கள். ரீஸ்டார்ட் நின்றது. 30 நாள் திட்டமிட்ட கலம் செப்டம்பர் 27 வரை பேசியது.

இன்டரப்டே நேரடியாக அந்த ஷீட்டைக் கேட்டால்? எமர்ஜென்சிக்கு ஓடி வந்தவரால் உட்கார்ந்து காத்திருக்க முடியாது. அதனால் லினக்ஸ் கெர்னலில், அப்படிப்பட்ட தகவலைத் தொடுபவர் தன் பிராசசரில் இன்டரப்டை நிறுத்திவிட்டுத்தான் பூட்டுவார். சட்டென்று முடித்துத் திறந்துவிடுவார்.

ஆக, பூட்டைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்கவேண்டியது: பூட்டியவரை நடுவில் யாரெல்லாம் இழுக்கலாம்?